பாத் வாங்குவது ஒரு முடிவு, அதில் எதை ஊற்றுவது என்பது இன்னொரு முடிவு

வெப்பநிலை கேலிப்ரேஷனுக்கு, அதாவது வெப்பநிலை அளக்கும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுச் சோதிப்பதற்கு, புதிதாக பாத் (வெப்பநிலையை நிலையாக வைத்திருக்கும் திரவத் தொட்டி) வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: எந்த மாடல் நல்லது? கேட்டலாக்கில் மைனஸ் 40-லிருந்து 300 டிகிரி வரை என்று போட்டிருப்பதைப் பார்த்ததும், ஒன்றை வாங்கிப் போட்டால் எல்லா வேலையும் முடிந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது. அந்த எண் தொட்டிக்கும் ஹீட்டருக்கும் கம்ப்ரசருக்கும் உரியது. உள்ளே ஊற்றப்போகும் திரவத்துக்கு உரியதல்ல. மைனஸ் 40-இலும் ஒழுங்காகக் கலங்கி, 300-இலும் அடங்கி இருக்கும் ஒரு திரவத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அளவீடு எவ்வளவு துல்லியமாக வரும், அறைக்குள் என்ன நாற்றம் வீசும், எந்த நிலையில் தீப்பிடிக்கும், ப்ரோபை (நுனியில் சென்சார் உள்ள, தொட்டியில் இறக்கும் குச்சியை) துடைக்க எவ்வளவு நேரமாகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் திரவம்தான் தீர்மானிக்கிறது. அதனால் இந்த ஒப்பீட்டில் பாத் மாடல்களைத் தொடவே போவதில்லை. தண்ணீர், ஆல்கஹால், கிளைக்கால், சிலிகான் ஆயில், உருகிய உப்பு, எந்தத் திரவமும் இல்லாத ட்ரை பிளாக் ஆகியவற்றில் எதை எப்போது எடுப்பது என்பதுதான் பேச்சு.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் உங்கள் ஆய்வகத்துக்கு வந்த சென்சார்களை எந்தெந்த வெப்பநிலைகளில் சோதித்தீர்கள் என்று பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். "தேவைப்படலாம்" என்பதைச் சேர்க்க வேண்டாம். இப்படி எழுதிப் பார்க்கும்போது 0-க்கும் 100-க்கும் நடுவில்தான் கூட்டம் சேரும், 250-க்கு மேல் நாலைந்துதான் தேறும் என்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த நாலைந்துக்காகத் தொட்டியில் கெட்டியான எண்ணெயை ஊற்றிவிட்டு, வருடம் முழுக்க 25 டிகிரி வேலையைக் கஞ்சியில் செய்துகொண்டிருப்பார்கள்.

கஞ்சி என்று சொன்னது வேடிக்கைக்காக அல்ல. பாத்தின் உயிர் திரவம் நன்றாகக் கலங்குவதில் இருக்கிறது. ஒரு திரவம் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் பாகுநிலையை சென்டிஸ்டோக் என்ற அலகில் சொல்வார்கள்; அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு அது ஏறக்குறைய 1. 10 வரைக்கும் கலக்கியின் வேலை சுகமாக நடக்கும். 50-ஐத் தாண்டினால் தொட்டியின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். கட்டுப்பாட்டுக் கருவியின் திரையில் எண் அசையாமல் நிற்கும், ஆனால் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் ப்ரோபும் சோதிக்கும் ப்ரோபும் வேறு வேறு வெப்பநிலையில் நின்றுகொண்டிருக்கும். ஸ்திரத்தன்மை வேறு, சீரான பரவல் வேறு. திரை முன்னதை மட்டும்தான் காட்டும்.

தண்ணீர்

5 டிகிரியிலிருந்து 80 வரை வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், தண்ணீர்தான். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும், சிலிகான் ஆயிலுக்கு 1.5 ஜூல் போதும். வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீர் எண்ணெயைப் போல நான்கு மடங்கு. அதனால்தான் கதவைத் திறந்து மூடினாலும், குளிர்ந்த ப்ரோபை இறக்கினாலும் தண்ணீர்த் தொட்டியின் வெப்பநிலை சட்டென்று மாறுவதில்லை. தீப்பிடிக்காது, விஷமில்லை, சிந்தினால் துணி போதும்.

குறைகள் இல்லாமல் இல்லை. 60 டிகிரிக்கு மேல் ஆவி வேகமாகப் பறக்கும். ஆவி போகும்போது மேற்பரப்பைக் குளிர்வித்துவிட்டுப் போவதால், ஆழம் குறைவாக இறக்கிய ப்ரோப்களில் பிழை வரும். மூடியோ, மேலே மிதக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பந்துகளோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மட்டம் இறங்குவதைக் கவனிக்காமல் விட்டு ஹீட்டர் வெளியே தலைகாட்டினால் அது கருகிவிடும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் ஹீட்டரில் உப்புப் படியும். வடிகட்டிய தண்ணீர் ஊற்றினால் அது குறையும், ஆனால் பாசி பிடிப்பதை அது தடுக்காது. விரலால் தொட்டியின் சுவரைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் தண்ணீர் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

95 வரை தண்ணீரில் போகலாம் என்று சொல்பவர்கள் உண்டு. போகலாம்தான். கடல் மட்டத்திலிருந்து உயரமான இடம் என்றால் கொதிநிலையே 95-ஐ நெருங்கியிருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நான் 80-இல் நிறுத்திக்கொள்வேன்.

பூஜ்யத்துக்குக் கீழே

இங்கே ஆல்கஹால், தண்ணீர் கலந்த கிளைக்கால், மெல்லிய சிலிகான் ஆயில் என மூன்று பேர் போட்டியிடுகிறார்கள்.

கிளைக்காலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வாக்கில்தான் உறையும். ஆனால் அதற்கு வெகு முன்பே கெட்டியாகிவிடுவதால், மைனஸ் 20 வரைக்கும் நம்பலாம். தீ பயம் கிடையாது. வாயில் போனால் விஷம், இனிப்பாக வேறு இருக்கும் என்பதால் பெயர் எழுதாத பாட்டிலில் வைக்கக் கூடாது. மைனஸ் 20-இலிருந்து 80 வரை ஒரே தொட்டியில் ஓட்ட வேண்டிய ஆய்வகத்துக்கு இதுதான் தொந்தரவில்லாத தேர்வு.

ஆல்கஹாலின் பலம் அதன் மெல்லிய தன்மை. எத்தனால் மைனஸ் 114-இல்தான் உறைகிறது, மைனஸ் 80-இலும் நன்றாகக் கலங்கும். மெத்தனால் இன்னும் மெல்லியது, ஆனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறிக் கண்ணைப் பறிக்கக்கூடியது. திறந்த தொட்டியில் அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நிற்க எனக்கு மனசில்லை. எத்தனாலையே எடுங்கள்.

எத்தனாலில் உள்ள ஆபத்து பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. அதன் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது தீப்பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை, 13 டிகிரி வாக்கில். மைனஸ் 40-இல் ஓடும்போது மேற்பரப்பில் எரியக்கூடிய அளவுக்கு ஆவி இருக்காது, பாதுகாப்பாகவே இருக்கும். ஆபத்து கம்ப்ரசர் நின்ற பிறகுதான் வருகிறது. சாயங்காலம் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், மின்சாரம் போய்விட்டது அல்லது யாரோ ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். இரவோடு இரவாகத் தொட்டி அறை வெப்பநிலைக்கு ஏறி, ஃபிளாஷ் பாயின்ட்டைத் தாண்டி உட்கார்ந்திருக்கும். ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது, தரையோடு படர்ந்து மேசைக்குக் கீழே இருக்கும் ப்ளக் பாயின்ட் வரை போகும். காலையில் வருபவர் முதலில் செய்வது ஸ்விட்சைப் போடுவது. அதனால் ஆல்கஹால் பாத் என்றால் வேலை முடிந்ததும் இறுக்கமான மூடி, ஓடிக்கொண்டே இருக்கும் எக்ஸாஸ்ட், அல்லது குளிராக இருக்கும்போதே கேனுக்குள் வடித்துவிடும் பழக்கம் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தத் தொட்டியின் ஹீட்டரை அறை வெப்பநிலைக்கு மேல் போக விடாதபடி கட்-அவுட்டை (சூடு எல்லை தாண்டினால் ஹீட்டரைத் தானே அணைக்கும் பாதுகாப்புக் கருவியை) கீழே இறக்கிப் பூட்டியும் வைக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை ஈரம். குளிர்ந்த ஆல்கஹால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் குளிர்விக்கும் சுருளைச் சுற்றிச் சர்பத் ஐஸ் போலக் கட்டும், முன்பு மைனஸ் 60-க்கு ஒரு மணி நேரத்தில் போன பாத் இப்போது மைனஸ் 50-இலேயே முக்கிக்கொண்டு நிற்கும். பலர் கம்ப்ரசர் பழுது என்று ஆளைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுமுன் ஒரு ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, புது எத்தனாலோடு அடர்த்தியை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே கண்டன்சரில் படிந்திருக்கும் தூசியையும் பார்த்துவிடுங்கள். குளிர்விக்கும் திறன் குறைவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

5 சென்டிஸ்டோக் சிலிகான் ஆயில் மைனஸ் 40 வரை பயன்படும். அறை வெப்பநிலையில் எளிதில் தீப்பற்றாது, விஷமில்லை, ஆவியாகிக் குறைவதும் சொற்பம். ஆல்கஹாலா இதுவா என்றால், மைனஸ் 40-க்குக் கீழே போகத் தேவையில்லாத வரை நான் இந்தப் பக்கம்தான். விலை ஆல்கஹாலைவிடக் கூடுதலாக இருந்தாலும், ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இதற்கும் ஒரு குணம் உண்டு. ஈரம் இதில் கரையாது. உறைந்த பனித்துகள் சுருளில் ஒட்டிக்கொள்ளும், பாத் வெதுவெதுப்பானதும் உருகித் தொட்டியின் அடிக்குப் போய்த் தண்ணீராகத் தேங்கும். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அதே தொட்டியை 120-க்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதை அடுத்து பார்ப்போம்.

சிலிகான் ஆயில்

80-இலிருந்து 250 வரை நிஜமான போட்டி சிலிகான் ஆயில்களுக்குள்ளேயேதான். மினரல் ஆயில் மலிவு, ஆனால் சீக்கிரம் கருத்துப்போய்ப் புகைய ஆரம்பித்துவிடும். 100 முதல் 150 வரை எப்போதாவது ஓட்டுபவர்கள் தவிர மற்றவர்கள் அதை மறந்துவிடலாம்.

சிலிகான் ஆயில் பாகுநிலை எண்ணோடு வரும்: 5, 10, 20, 50, 100. அந்த எண் 25 டிகிரியில் அளந்தது. சூடேற ஏற அது இளகும். 50 சென்டிஸ்டோக் எண்ணெய் 100 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். எண் கூடக்கூட ஃபிளாஷ் பாயின்ட்டும் கூடும். 5-க்கு 130-களின் நடுவில், 50-க்கு 280-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. ஆகத் தேர்வு இப்படி முடிகிறது: நீங்கள் ஓட்டும் மிகக் குறைந்த வெப்பநிலையில் கலங்கும் அளவுக்கு மெல்லியதாகவும், மிக அதிக வெப்பநிலையில் தீப்பற்றாத அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணெயில் பொருந்தவில்லை என்றால் இரண்டு தொட்டி வேண்டும். இதற்கு மூன்றாவது வழி கிடையாது.

ஃபிளாஷ் பாயின்ட் எண்ணைத் தாளில் பார்க்கும்போது, அது திறந்த கோப்பை முறையா மூடிய கோப்பை முறையா என்பதையும் பாருங்கள். திறந்த கோப்பை எண் எப்போதும் கூடுதலாக இருக்கும். 10 சென்டிஸ்டோக் எண்ணெய்க்கே ஒரு தாளில் 160-ஐ ஒட்டியும் இன்னொன்றில் 200-க்கு மேலும் போட்டிருப்பது இதனால்தான். சின்ன எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தொட்டியின் சராசரி வெப்பநிலை அல்ல, ஹீட்டரின் மேல்தோலில் இருக்கும் எண்ணெய்தான் கணக்கு. கலக்கி நின்றுபோனால் அங்கே வெப்பநிலை திரையில் தெரிவதைவிட எங்கோ போய்விடும். கட்-அவுட்டை, எண்ணெய் தொடர்ந்து எரியத் தொடங்கும் நிலைக்குக் குறைந்தது 25 டிகிரி கீழே வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது விரிவு. இதை நான் கற்றுக்கொண்டது துடைப்பத்தோடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 20 லிட்டர் தொட்டியை விளிம்புக்கு மூன்று விரல் கீழே வரை நிரப்பிவிட்டு 225-க்கு வைத்தேன். சிலிகான் ஆயில் டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 25-இலிருந்து 225 என்றால் 200 டிகிரி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, 4 லிட்டர். மூன்று விரல் இடத்தில் 4 லிட்டர் எங்கே போகும்? 170-ஐத் தாண்டும்போதே மேல்தட்டில் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் அது மெதுவாக வழிந்து, பக்கத்து மேசையின் கால் வரை போய், தரையில் ஒரு படலமாகப் பரவியது. எரியவில்லை, அதிர்ஷ்டம். ஆனால் அந்தத் தரையில் இரண்டு வாரம் எல்லாரும் வழுக்கிக்கொண்டே நடந்தோம். இப்போதெல்லாம் போகப்போகும் உச்ச வெப்பநிலைக்குக் கணக்குப் போட்டுத்தான் குளிர்ந்த நிலையில் நிரப்புகிறேன். குறைந்திருந்தால் சூட்டில் மேலே ஊற்றிக்கொள்ளலாம், கூடிவிட்டால் சூட்டில் எடுப்பது வம்பு.

அடியில் தேங்கிய தண்ணீருக்கு வருகிறேன். 100-ஐ நெருங்கும்போது தொட்டியின் அடியிலிருந்து கடுகு தாளிப்பது போலச் சடசடவென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் பாத்தைவிட்டு விலகி நின்று ஹீட்டரை அணையுங்கள். ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், மேலே இருக்கும் சூடான எண்ணெயைத் தூக்கி எறிந்துகொண்டுதான் வெளியே வரும். ஐஸ் பாத்திலிருந்து எடுத்த ப்ரோபைத் துடைக்காமல் அப்படியே எண்ணெயில் இறக்குவதும் இதே கதைதான். நீண்ட நாள் கழித்து ஓட்டும்போதும், குளிர் வேலைக்குப் பயன்படுத்திய எண்ணெயைச் சூடாக்கும்போதும் 95-க்குக் கொஞ்சம் மேலே மெதுவாக ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து, ஈரம் வெளியேறும்வரை காத்திருந்துவிட்டு அப்புறம் மேலே போங்கள். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

ஆயுள் என்று பார்த்தால், சிலிகான் ஆயில் திடீரென்று கெட்டுப்போவதில்லை என்றுதான் முதலில் தோன்றும். 150-க்கு மேல் காற்றோடு சேர்ந்து சிதையும்போது ஃபார்மால்டிஹைடும் வெளிவரக்கூடும் என்பதால், எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் சூடான எண்ணெய் பாத் ஓட்டக் கூடாது. கண் எரிகிறது என்று யாராவது சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 200-க்கு மேல் திறந்த தொட்டியில் நாள்கணக்கில் ஓட்டினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து எண்ணெய் கெட்டியாகத் தொடங்கும். ப்ரோபை வெளியே எடுக்கும்போது நுனியில் தேன் போல நூல் இழுக்கும். அதுதான் எச்சரிக்கை. அந்த நிலையில் புது எண்ணெயைக் கலந்து சமாளிக்கலாம் என்று பார்க்காதீர்கள். இன்னும் சில நாள் விட்டால் தொட்டி முழுக்க ஜெல்லாகி, கலக்கியைப் பிடித்துக்கொள்ளும். அதை வெளியே எடுப்பது கரண்டி வேலை. வேலையில்லாத நேரத்தில் பாத்தை 100-க்கு இறக்கி வைப்பது எண்ணெயின் ஆயுளைக் கூட்டுவதற்கு எனக்குத் தெரிந்த எளிய வழி. இரவு முழுக்க 250-இல் விட்டுவைத்தால் காலையில் அரை மணி நேரம் மிச்சமாகும், எண்ணெயோ பாதி வருடம் முன்னதாகவே போய்விடும்.

சிலிகான் ஆயிலில் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயமும் உண்டு. அது ஊரும். துடைத்த ப்ரோபின் கேபிள் வழியே ஏறிக் கனெக்டருக்குள் போய்விடும், கையுறையிலிருந்து கதவுப் பிடிக்கும், அங்கிருந்து உங்கள் பேனாவுக்கும் போகும். தண்ணீரிலும் போகாது, எத்தனாலிலும் சரியாகப் போகாது. ப்ரோப் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உலர்ந்த காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டு, சோப்பு கலந்த வெந்நீரில் கழுவுவது ஓரளவு பலன் தரும். அதே கட்டடத்தில் பெயின்ட் அடிக்கும் வேலை நடக்கிறதென்றால் எண்ணெய் பாத் அறையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். துளி சிலிகான் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது, மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகிவிடும்.

உப்பா, ட்ரை பிளாக்கா

250-க்கு மேலே போனதும் கேள்வியே மாறிவிடுகிறது. பொட்டாசியம் நைட்ரேட் 53, சோடியம் நைட்ரைட் 40, சோடியம் நைட்ரேட் 7 என்ற விகிதத்தில் கலந்த உப்பு 142 டிகிரியில் உருகும். 180-இலிருந்து 500-ஐத் தாண்டியும் மெல்லியதாக ஓடும். ஃபிளாஷ் பாயின்ட் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் அது எரியாது. ஆனால் மற்றவற்றை எரிய வைக்கும். நைட்ரேட் ஒரு கடுமையான ஆக்சிஜனேற்றி. எண்ணெய் பாத்திலிருந்து எடுத்துச் சரியாகத் துடைக்காத ப்ரோபை உப்பில் இறக்கினால் தீப்பொறி பறக்கும். அதனால் உப்பு பாத்தும் எண்ணெய் பாத்தும் ஒரே மேசையில் அக்கம்பக்கத்தில் இருக்கவே கூடாது. துடைக்கும் துணி, மரக்குச்சி, கரி, மெக்னீசியம் எதுவும் உள்ளே விழக் கூடாது. ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலே 400 டிகிரி உப்பு சிதறும். முழு முகக்கவசம், தோல் கையுறை, நீண்ட கைச் சட்டை இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. ப்ரோபை மேலேயே சில நிமிடம் பிடித்துச் சூடாக்கிவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

உறைந்த உப்பை மறுபடி உருக்குவதும் நுணுக்கமான வேலை. அடியில் முதலில் உருகி மேலே ஓடு மூடியிருந்தால், விரிவதற்கு வழியில்லாமல் அழுத்தம் கூடி ஒரு கட்டத்தில் பீய்ச்சி அடிக்கும். அதனால் மெதுவாக, ஓரங்களிலிருந்து மேல்வரை ஒரு பாதை திறக்கும்படி உருக்க வேண்டும். இந்த ஒழுங்கையெல்லாம் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் ஆட்களிடம் எதிர்பார்க்க முடியுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ட்ரை பிளாக்கில் இந்தப் பயமெல்லாம் இல்லை. துளையிட்ட உலோகக் கட்டி, உள்ளே ஹீட்டர், அவ்வளவுதான். கையில் எடுத்துப் போகலாம், சீக்கிரம் சூடாகும், சிந்த எதுவுமில்லை. அதற்குப் பதிலாக நாம் இழப்பது துல்லியத்தை. கலக்கி விட்ட நல்ல பாத்தில் ஆயிரத்தில் சில டிகிரிக்குள் சீராக இருக்கும் என்றால், பிளாக்கில் 400-ஐ ஒட்டிப் போகும்போது பத்தில் சில டிகிரி பிழையைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். துளையின் அடியிலிருந்து மேலே போகப்போக வெப்பநிலை குறையும். ப்ரோப் துளைக்குள் லொடலொடவென்று இருந்தாலும் பிழை, ஆழம் குறைந்தாலும் பிழை. விட்டத்தைப்போல 15 மடங்கும் அதோடு உள்ளே இருக்கும் சென்சாரின் நீளமும் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 6 மில்லிமீட்டர் ப்ரோப், சென்சார் 30 மில்லிமீட்டர் என்றால் 120 மில்லிமீட்டர் ஆழம். சின்ன பிளாக்குகளில் இதற்கே இடம் போதாமல் போவதுண்டு. பிளாக்கின் திரையை நம்பாமல் பக்கத்துத் துளையில் ரெஃபரன்ஸ் ப்ரோபை வைத்துப் பார்ப்பதுதான் முறை. ஐரோப்பிய அளவியல் நிறுவனங்களின் கூட்டமைப்பான யூராமெட்டின் 13-ஆம் எண் கேலிப்ரேஷன் வழிகாட்டி இந்தப் பிளாக்குகளுக்கென்றே இருக்கிறது, வாங்குமுன் ஒருமுறை படித்துவிடலாம். ஒட்டுதல் நன்றாக இருக்கட்டும் என்று துளைக்குள் எண்ணெய் ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கருகி ஒட்டிக்கொண்டு, துளைக்குள் போடும் உலோக உள்செருகி வெளியே வராமல் போவதும், புகைவதும் அதனால்தான்.

அப்படியானால் எது? சோதிக்கும் பொருளைப் பாருங்கள். கே வகை தெர்மோகப்பிளுக்கு (இரண்டு உலோகக் கம்பிகளை இணைத்த சென்சார்) மிகக் கண்டிப்பான முதல் வகுப்பிலேயே 400 டிகிரியில் அனுமதிக்கப்பட்ட பிழை 1.6 டிகிரி. ஏ வகுப்பு பிளாட்டினம் ப்ரோபுக்கு அதே இடத்தில் 0.95. இதைச் சரிபார்க்க 0.005 டிகிரி சீரான உப்பு பாத் எதற்கு? 400-இல் மிகத் துல்லியமான ஸ்டாண்டர்டு பிளாட்டினம் தெர்மாமீட்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் உங்கள் தினசரி வேலை என்றால் உப்பு வையுங்கள். மற்றவர்கள் நல்ல ட்ரை பிளாக் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். காற்று ஊதி அலுமினா பொடியை மிதக்கவிடும் பாத் ஒன்றும் சந்தையில் உண்டு. தீயும் இல்லை, உப்பும் இல்லை, ஆனால் தூசி அறை முழுக்கப் படியும், சீரான பரவலும் திரவத்துக்கு ஈடாகாது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

எதை ஊற்றினாலும்

கட்-அவுட் முதன்மைக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து தனியாக, தன் சொந்த சென்சாரோடு இருக்க வேண்டும். பல ஆய்வகங்களில் அது வந்த நாளிலேயே உச்சத்துக்குத் திருகி வைக்கப்பட்டு, அப்படியே கிடக்கும். ஆல்கஹால் ஊற்றாத பாத் என்றால் மாதம் ஒருமுறை, அது 60 டிகிரியில் நிற்கும்போது சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குமிழை மெதுவாகக் கீழே திருப்புங்கள். 60-ஐ ஒட்டி "டிக்" என்று சத்தம் கேட்டு ஹீட்டர் விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அன்றைக்கு அந்த பாத்துக்கு விடுமுறை. ஒவ்வொரு வேலைக்கும் செட் பாயின்ட்டுக்குப் பத்து டிகிரி மேலே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். தீப்பற்றும் திரவம் ஊற்றுகிற பாத்தில் மட்டம் குறைந்தால் ஹீட்டரை அணைக்கும் மிதவையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், பதற்றத்தில் மறந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் தொட்டியின் உலோக மூடியையும், பாத்துக்கு எதிர்ப்பக்கம், வாசலை ஒட்டி தீயணைப்பானையும் வையுங்கள். தீயைத் தாண்டிப்போய் எடுக்கும்படி இருந்தால் அது இருந்தும் பயனில்லை.

பாதரச தெர்மாமீட்டர்கள் இன்னும் சோதனைக்கு வருகின்றன. அதன் உச்ச எண்ணைத் தாண்டிய பாத்தில் இறக்கினால் குமிழ் வெடித்து, பாதரசம் சூடான எண்ணெயின் அடிக்குப் போய்ச் சேரும். அதிலிருந்து வரும் ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாத்தின் வெப்பநிலையையும் தெர்மாமீட்டரின் மேல் எண்ணையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் இறக்க வேண்டும் என்று எங்கள் அறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வருபவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒரே ஒரு பாத் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்பவர்களுக்கு: உங்கள் பட்டியல் 80-க்குள் முடிந்தால் தண்ணீர், மைனஸ் 20-க்கும் போக வேண்டும் என்றால் கிளைக்கால் கலவை. 150 வரை இழுக்கிறது என்றால் மூடிய கோப்பை எண் அதற்குப் போதிய அளவு மேலே இருக்கும் 20 சென்டிஸ்டோக் எண்ணெய். அதற்கு மேலே வருவதை ட்ரை பிளாக்குக்குத் தள்ளிவிடுங்கள். இரண்டாவது பாத் வாங்கும் காலம் வந்தால் 50 சென்டிஸ்டோக் எண்ணெய் போட்டு 100-இலிருந்து 230 வரை தனியாக ஒதுக்கலாம். ஒரே தொட்டியில் கோடைக்கு ஒரு திரவம், மழைக்கு ஒரு திரவம் என்று மாற்றி மாற்றி ஊற்றும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். எத்தனை துடைத்தாலும் பழையது மூலையில் மிச்சமிருக்கும்.

எண்ணெயை மாற்றுகிற நாளில் தொட்டியை 40, 45 டிகிரிக்குக் கொண்டுவந்து வடியுங்கள். அந்தச் சூட்டில் சீராக ஓடும், கையும் சுடாது. உலோக டப்பாவில் பிடித்து, எண்ணெயின் பெயர், பாகுநிலை, ஊற்றிய தேதி, ஓட்டிய உச்ச வெப்பநிலை ஆகியவற்றை டப்பாவின் மூடியில் எழுதாமல் உடம்பில் எழுதி வையுங்கள். மூடிகள் இடம் மாறிவிடும்.